நகைப் பெட்டியைத் திறக்கும் முன்: கல்லூரிச் செலவுக்குச் சில குறிப்புகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் முதலில் திறப்பது பீரோவில் இருக்கும் நகைப் பெட்டியைத்தான். அடுத்து, வட்டிக்கு விடுபவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். கட்டணச் சலுகை, உதவித்தொகை, வட்டி மானியம் என்பவையெல்லாம் அதற்குப் பிறகே காதில் விழுகின்றன. அதற்குள் கடைசித் தேதி போயிருக்கும். தமிழ்நாட்டுப் பெற்றோர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் ஆசை. முதலில் கட்டவே வேண்டாத பணம் எது என்று பாருங்கள். அடுத்து, திருப்பித் தர வேண்டாத பணம். அதன்பின் வங்கிக் கடன். நகைக்குக் கை போவது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.

கீழே சொல்லும் தொகைகளும் வருமான வரம்புகளும் அரசாணைப்படி மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பேருந்து, புத்தகம், லேப்டாப் என்று தனித்தனியாக எழுத வேண்டும். வெளியூர்க் கல்லூரி என்றால் விடுதியும் சாப்பாடும் பல நேரம் படிப்புக் கட்டணத்தையே தாண்டிவிடும். ஆண்டுவாரியான கட்டண விவரத்தைக் கல்லூரி முத்திரையோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக்கும் அதே தாள்தான் தேவைப்படும்.

2. சான்றிதழ்களை ஏப்ரல், மே மாதங்களிலேயே தயார் செய்துவிடுங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்று என எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அதை மட்டும் வெகு முன்னதாக வாங்கி வைப்பதில் பயனில்லை. அதில் எழுதியிருக்கும் தொகையே உங்கள் பிள்ளைக்கு எந்தெந்த உதவி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2.5 லட்சம், 4.5 லட்சம், 8 லட்சம் ஆகிய மூன்று வரம்புகளும் திரும்பத் திரும்ப வரும், நினைவில் வையுங்கள். மத்திய அரசு நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கேட்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். மாநில அரசின் சாதிச் சான்றை அங்கே ஏற்க மாட்டார்கள்.

3. பெயரிலும் இனிஷியலிலும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திகா மு’, ஆதாரில் ‘கார்த்திகா முருகன்’, வங்கிப் புத்தகத்தில் ‘எம் கார்த்திகா’ என்று இருந்தால் இணையதளத்தில் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கூட்டம் இல்லாத மார்ச் மாதத்திலேயே ஆதாரை மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள்.

4. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்கவும் வேண்டும். உதவித்தொகை இப்போது நேரடியாகக் கணக்குக்கே வருகிறது. ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தாரோ அதில்தான் பணம் விழும். பள்ளியில் ஒரு கணக்கு, பிறகு கல்லூரி வளாகத்து வங்கியில் இன்னொன்று என்று தொடங்கிய பிள்ளைகள் “பணமே வரவில்லை” என்று அலைகிறார்கள். புதிய கணக்கை ஆதாரோடு இணைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் மறந்துபோன பழைய கணக்கில் கிடக்கும். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், வங்கியிலும் கேட்கலாம். பல மாதம் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கு என்றால் முதலில் அதை உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

5. கவுன்சிலிங் வழியாகக் கிடைத்த இடமா, மேனேஜ்மென்ட் கோட்டாவா என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் பல உதவிகளும் அமையும். வீட்டில் பட்டம் பெற்றவர் யாருமே இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு 2010-11 முதல் தமிழ்நாடு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளர முறையில் சேரும் தொழிற்படிப்புகளுக்கே பொருந்தும். கல்லூரியில் நேரடியாகப் பணம் கட்டிச் சேர்ந்தால் அது கிடையாது. வங்கிகளும் தகுதி அடிப்படையில் கிடைத்த இடத்துக்குத்தான் எளிதில் கடன் தருகின்றன. கொஞ்சம் பெயர் பெற்ற கல்லூரியில் டொனேஷன் கொடுத்து வாங்கும் இடத்தையும், அடுத்த நிலையில் உள்ள கல்லூரியில் கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்தையும் ஒப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். டொனேஷன் வாங்குவதை 1992ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு ரசீது வராது, ரசீது இல்லாத பணத்துக்கு வங்கியும் கடன் தராது.

முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. மூத்தவன் கலைக் கல்லூரிக்கும் இளையவள் பொறியியலுக்கும் போகப்போகிறார்கள் என்றால் யாருக்கு எது கிடைக்கும் என்பதை முன்பே யோசியுங்கள். மூத்தவன் பட்டம் வாங்கிவிட்டால் இளையவள் முதல் பட்டதாரி ஆக முடியாது.

6. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையா? அப்படியென்றால் இந்தக் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் உரிமைகள் பல பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தாலும் இது பொருந்தும். “அரசு தரும்போது திருப்பித் தருகிறோம், இப்போது நீங்கள் கட்டுங்கள்” என்று எந்தக் கல்லூரியாவது கேட்டால், கேட்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டு உயர்கல்வித் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இரண்டும் உண்டு. பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்புக்கும் கிடைக்கும். வேறு உதவித்தொகை வாங்குவதால் புதுமைப் பெண் தொகை நின்றுவிடாது. கல்லூரியில் இதைக் கவனிக்க ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

ஐ.ஐ.டி. போன்ற தேசிய நிறுவனங்களில் இடம் பிடிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவையும் மாநில அரசு ஏற்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை என்றால் தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வை விட்டுவிடாதீர்கள். அதில் தேர்வாகும் 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

7. சமுதாய அடிப்படையிலான உதவித்தொகைக்கு யாரும் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பிள்ளையின் உரிமை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், திரும்பக் கிடைக்காத கட்டாயக் கட்டணங்களோடு பராமரிப்புப் படியும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்கள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பட்டப்படிப்பு படித்தால் வருமான நிபந்தனை இல்லாமலே உதவித்தொகை கிடைக்கும். முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு மட்டும் 2.5 லட்சம் வரம்பு இருக்கிறது. இப்போது விண்ணப்பங்கள் கல்லூரி வழியாக உமிஸ் இணையதளத்தில் பதிவாகின்றன. மாணவர் விவரத்தைக் கல்லூரி உமிஸில் ஏற்றிவிட்டதா என்று பிள்ளையையே அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

8. மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கு தேசிய உதவித்தொகை இணையதளம் ஒன்றே பொது வாசல். முதலில் ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். இங்கே இரண்டு திட்டங்களை மட்டும் சொல்கிறேன், தகுதி இருந்தும் பலர் விட்டுவிடுவது இவற்றைத்தான்.

ஒன்று, ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி. தொழில்நுட்பப் பட்டம் அல்லது டிப்ளமோ முதலாண்டு சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு வரை உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு இதே போல் சக்ஷம் இருக்கிறது. இன்னொன்று, பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்தவர்களுக்கானது. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். சாதாரண பி.எஸ்சி., பி.காம். படிப்பவர்களுக்கும் பொருந்தும். நல்ல மதிப்பெண் எடுத்தும் பொறியியல் பக்கம் போகாத பிள்ளைகள் “நமக்கெல்லாம் எதுவும் கிடையாது” என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

9. அப்பா, அம்மாவின் தொழிலிலும் ஓர் உதவி ஒளிந்திருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் மற்ற அமைப்புசாரா தொழிலாளர் வாரியங்களிலும் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி உண்டு. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருக்கும் விவசாயிகள், பீடித் தொழிலாளர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இன்றே புதுப்பியுங்கள்.

10. விடுதியில் மிச்சமாகும் பணமும் உதவித்தொகைதான். அரசின் ஆதிதிராவிடர் நல, பிற்படுத்தப்பட்டோர் நலக் கல்லூரி விடுதிகளில் (இப்போது சமூக நீதி விடுதிகள்) தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம். கல்லூரியில் சேர்ந்த உடனே விண்ணப்பியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு.

11. இத்தனைக்கும் பிறகு மிச்சம் நிற்கும் தொகைக்கு மட்டும் கல்விக் கடன் கேளுங்கள். தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். அதே சமயம், கடன் என்றதும் பயந்து மூன்று ரூபாய் வட்டிக்குப் போகவும் வேண்டாம்.

பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமோ, கைப்பணமோ தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதற்கும் அடமானம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டுப் படிப்பில் 4 லட்சத்தைத் தாண்டினால் செலவில் 5 சதவீதத்தை நாம் போட வேண்டியிருக்கும். கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, புத்தகம், லேப்டாப், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் கடனில் சேர்க்கலாம். முதல் குறிப்பில் சொன்ன தாள் இங்கேதான் கைகொடுக்கும். விண்ணப்பத்தில் எழுதாத செலவை மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர்க்கச் சொன்னால் வங்கி தயங்கும்.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. தொடங்கியபோது அதில் 860 நிறுவனங்கள் இருந்தன. அதில் உள்ள கல்லூரியில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தால் அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கேட்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்காதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கே என்பதால் தாமதிக்கக் கூடாது. உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், வழக்கமான கல்விக் கடன் இருக்கவே இருக்கிறது.

12. படிக்கும் காலத்து வட்டியைப் பற்றி வங்கியில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 45,000, இரண்டாவதற்கு 36,000, மூன்றாவதற்கு 27,000, நான்காவதற்கு 18,000. தவணை தொடங்கும் நாளில் 1,26,000 ரூபாய் வட்டி சேர்ந்து, கடன் 5,26,000 ஆகிவிடும். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 6,660 ரூபாய். அதையே வட்டியை அவ்வப்போது கட்டிவந்திருந்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், தவணையும் சுமார் 5,070 தான். பத்தாண்டில் வித்தியாசம் 1,90,000 ரூபாய்க்கு மேல். முதலாண்டில் மாதம் 750 ரூபாய்தான் வட்டி. அடுத்த ஆண்டு 1,500, பிறகு 2,250, நான்காம் ஆண்டில் 3,000. முடிந்த மட்டும் கட்டுங்கள், முதல் ஆண்டு வட்டியை மட்டும் கட்டினாலும் நல்லது.

வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்கள் இதைக் கட்டவே தேவையில்லாமல் போகலாம். நாக், என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற நிறுவனங்களில் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு, தவணை தொடங்கும் வரையிலான வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் மானியம் இருக்கிறது. ஆனால் அது தானாக வருவதில்லை. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து, “வட்டி மானியத்துக்குப் பதிவு செய்துவிட்டீர்களா?” என்று மேலாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பல வங்கிகள் அரை சதவீதம் வட்டி குறைக்கின்றன, அதையும் விடாதீர்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்குக் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை வரிக் கழிவு உண்டு.

13. “இந்தக் கிளையில் கல்விக் கடன் கொடுப்பதில்லை, உங்கள் ஏரியா வேறு” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மாணவரின் வீடு கிளையின் சேவைப் பகுதியில் இல்லை என்ற காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. விண்ணப்பத்தை இணையத்தில் போடுங்கள், அதில் பதிவு எண் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். மாவட்ட ஆட்சியர்கள் நடத்தும் கல்விக் கடன் முகாம்களுக்கும் போகலாம், அங்கே எல்லா வங்கிக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாட்களில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

14. மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், அவளுக்கு 18 வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு தேறியதும், முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த தொகையில் பாதிவரை படிப்புக்கு எடுக்கலாம். நகை வைத்தே ஆக வேண்டும் என்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம், பிள்ளையின் படிப்பே அதில் பாதியில் நின்றுபோகும்.

15. அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதே யு.ஜி.சி. விதி. கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்து வேறு கல்லூரிக்கு மாறும்போது, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் விதி இருக்கிறது. 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் சிறிய பிடித்தம் போக முழுத் தொகை, தேதி நெருங்க நெருங்கக் குறையும், கடைசித் தேதிக்குப் பின் 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. ஆண்டுதோறும் யு.ஜி.சி. வெளியிடும் சுற்றறிக்கையில் இதைவிடச் சலுகையான தேதிகளும் வருவதுண்டு. விலகல் கடிதத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

16. “உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று வரும் அழைப்பை உடனே வைத்துவிடுங்கள். உதவித்தொகை தர அரசு பணமோ, ஓ.டி.பி.யோ, கியூ.ஆர். கோடு ஸ்கேனோ கேட்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

17. இரண்டாம் ஆண்டில்தான் பலர் உதவித்தொகையை இழக்கிறார்கள். தேசிய இணையதளத் திட்டங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், தேர்ச்சியும் வருகைப் பதிவும் பார்ப்பார்கள். பிள்ளை விடுதிக்குப் போன பிறகு இதை அவர்கள் நினைவில் மட்டும் விடாதீர்கள். வீட்டு நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதத் தாளிலேயே ‘புதுப்பித்தல்’ என்று எழுதிவையுங்கள். வருமானச் சான்று காலாவதியாகியிருந்தால் ஜூலையில் புதிதாக வாங்கி அனுப்புங்கள். பாடத்தில் அரியர் விழுந்து தொகை நின்றுபோனாலும் சோர்ந்துவிட வேண்டாம். அந்த ஆண்டுக்கு வங்கிக் கடனைக் கூட்டிக் கேட்க முடியுமா என்று கிளையில் பேசுங்கள், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முதல்வரிடம் கடிதம் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் பேச்சை அதற்கு முன் வீட்டில் எடுக்கவே வேண்டாம்.